சர்வரில் உள்ள ஆப்ஜெக்ட் பட்டியலை ஜேசன் வடிவில் ஜாவாஸ்கிரிப்டுக்கு அனுப்பும் முறை

சி ஷார்ப், பைத்தான், பிஎச்பி என எந்த மொழியில் எழுதினாலும், சர்வரில் உருவாகும் ஆப்ஜெக்ட் பட்டியல் அந்தச் சர்வரின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். உலாவிக்குப் போய்ச் சேர்வது எழுத்துகள் மட்டுமே. ஆகவே பட்டியலை ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவாக்க வேண்டும், அதைப் பக்கத்துக்குள் பாதுகாப்பாக வைக்க வேண்டும், உலாவியில் மறுபடியும் ஆப்ஜெக்டாக மாற்ற வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இடறுவது நடுவில் உள்ள வேலையில்தான் என்பதால், அதைச் சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

படி 1: தேவையான புலங்களை மட்டும் எடுங்கள்

டேட்டாபேஸிலிருந்து வந்த ஆப்ஜெக்டை அப்படியே அனுப்பாதீர்கள். உலாவிக்குப் போன எதையும், திரையில் காட்டப்படாவிட்டாலும், பக்கத்தின் மூலநிரலைத் திறந்து யாரும் படித்துவிடலாம். மேலும், ஒரு கடைப் பொருளின் ஆப்ஜெக்ட் தன் பொருள்வகையின் ஆப்ஜெக்டைச் சுட்ட, அந்த வகை திரும்பவும் தன் பொருட்களைச் சுட்டினால், மாற்றும் வேலை முடிவில்லாமல் சுற்றும். பல லைப்ரரிகள் அந்த இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். திரைக்குத் தேவையான புலங்களை (பெயர், இருப்பு போன்ற தனித்தனி மதிப்புகளை) மட்டும் கொண்ட ஒரு சிறிய வகுப்பை எழுதி, பட்டியலை அதற்கு மாற்றிக்கொண்டால் இரண்டு சிக்கல்களும் தீரும்.

படி 2: ஜேசனாக மாற்றுங்கள்

இதைக் கையால் எழுதக் கூடாது. பைத்தானில் ஜேசன் மாட்யூலின் டம்ப்ஸ், பிஎச்பியில் ஜேசன் என்கோட், சி ஷார்ப்புக்கான டாட்நெட்டில் ஜேசன் சீரியலைசர் ஆகியவை இதற்காகவே இருக்கின்றன. விளைவு இப்படி இருக்கும் (படிக்க வசதியாகத் தமிழ் எழுத்துகளை அப்படியே காட்டியிருக்கிறேன்):

[
{"எண்": 1, "பெயர்": "கோடிட்ட நோட்டு", "இருப்பு": 40, "சேர்த்த_நாள்": "2024-03-15"},
{"எண்": 2, "பெயர்": "12\" அளவுகோல்", "இருப்பு": 0, "சேர்த்த_நாள்": "2024-04-02"}
]

சதுர அடைப்பு பட்டியலையும், நெளி அடைப்பு ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் குறிக்கின்றன. புலத்தின் பெயர் எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி வரக் கூடாது. இரண்டாம் ஆப்ஜெக்டில், அங்குலத்தைக் குறிக்கும் மேற்கோளுக்கு முன்னால் உள்ள பின்சாய்வுக்கோட்டைக் கவனியுங்கள். அதை லைப்ரரியே சேர்த்தது. துண்டுகளை நீங்களே ஒட்டி ஜேசன் உருவாக்கியிருந்தால், இந்த ஒரு பொருளின் பெயரே பக்கம் முழுவதையும் முடக்கியிருக்கும்.

ஜேசனில் தேதிக்கெனத் தனி வகை இல்லை என்பதால், அதை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் சரமாகவே (மேற்கோளுக்குள் உள்ள எழுத்துத் தொடராகவே) அனுப்ப வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை 9007199254740991 வரையிலான முழு எண்களையே பிசகின்றித் தாங்கும். அதைவிடப் பெரிய அடையாள எண்களையும் சரமாக அனுப்புங்கள். மேலே சொன்ன மூன்று கருவிகளும் இயல்பாகத் தமிழ் எழுத்துகளைப் பின்சாய்வுக்கோட்டுடன் கூடிய யூனிகோடு எண்களாக எழுதும். இதைப் பார்த்து எழுத்துகள் சிதைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். உலாவி பிரித்துப் படிக்கும்போது மூல எழுத்துகளே கிடைக்கும்.

படி 3: பக்கத்துக்குள் வையுங்கள்

டெம்ப்ளேட்டில் (சர்வரில் பக்கத்தின் எச்டிஎம்எல்லை உருவாக்கும் அச்சில்) ஜேசனை வழக்கம்போல அச்சிட்டால், பெரும்பாலும் பாதுகாப்புக்காக அது மேற்கோள்களை எச்டிஎம்எல் குறியீடுகளாக மாற்றிவிடும். ஸ்கிரிப்ட் டேகுக்குள் உலாவி அந்தக் குறியீடுகளைத் திரும்ப மாற்றுவதில்லை என்பதால் பிழை எழும். உடனே பலர் அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறார்கள். அது ஆபத்தானது. பயனர் ஒருவர் தன் பெயருக்குள் மூடும் ஸ்கிரிப்ட் டேகை எழுதியிருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் மேற்கோள்களைப் பற்றி எதுவும் அறியாத எச்டிஎம்எல் பார்சர் (பக்கத்தைப் படிக்கும் உலாவியின் பகுதி) ஸ்கிரிப்டை அந்த இடத்திலேயே முடித்துவிடும். மீதி எழுத்துகள் பக்கத்தின் பகுதியாகி, அவர் எழுதிய நிரல் மற்றவர்களின் உலாவியில் ஓடும்.

சரியான வழி, தரவைத் தரவாகவே வைப்பது. டைப் பண்பில் அப்ளிகேஷன்/ஜேசன் என்று குறித்து, ஒரு ஐடியும் கொடுத்து, தனி ஸ்கிரிப்ட் டேகுக்குள் ஜேசனை வையுங்கள். உலாவி அதை நிரலாக இயக்காது. ஆயினும் மூடும் டேக் இங்கும் தொகுதியை முடித்துவிடும் என்பதால், < குறியை அதன் யூனிகோடு எண்ணாக மாற்றியாக வேண்டும். டாட்நெட்டின் சீரியலைசர் இதை இயல்பாகவே செய்கிறது. பிஎச்பியில் ஜேசன் ஹெக்ஸ் டேக் என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். பைத்தானின் டம்ப்ஸ் செய்வதில்லை. ஆகவே பைத்தானின் வலைத்தளக் கருவித்தொகுப்புகளுள் ஜாங்கோவில் ஜேசன் ஸ்கிரிப்ட் ஃபில்டரையும், ஃபிளாஸ்கில் டூஜேசன் ஃபில்டரையும் பயன்படுத்துங்கள்.

படி 4: உலாவியில் படியுங்கள்

உங்கள் ஸ்கிரிப்ட் தரவுத் தொகுதிக்குக் கீழே இருக்கட்டும். அந்த ஐடியைக் கொண்டு டேகைத் தேடி, அதன் டெக்ஸ்ட் கன்டென்ட் மதிப்பை ஜேசன் பார்ஸிடம் கொடுத்தால் சாதாரண அரே (ஜாவாஸ்கிரிப்ட் பட்டியல்) கிடைக்கும். பெயர்களைத் திரையில் காட்டும்போதும் இன்னர் எச்டிஎம்எல்லைத் தவிர்த்து டெக்ஸ்ட் கன்டென்டையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் படியில் அடைத்த வழி இங்கே திறந்துகொள்ளும்.

மதிப்பு அன்டிஃபைன்ட் என்று வந்தால், முதலில் புலப்பெயரின் எழுத்துவடிவைப் பாருங்கள். சி ஷார்ப் புலப்பெயர்கள் வழக்கமாகப் பெரிய எழுத்தில் தொடங்கும். சீரியலைசரை நேரடியாக அழைத்தால் அவை அப்படியே வரும், ஏஎஸ்பி டாட்நெட் கோரின் கன்ட்ரோலர் வழியே ஜேசனாக வந்தால் முதலெழுத்து சிறியதாக மாறியிருக்கும்.

பட்டியல் மிகப் பெரியதாகவோ அடிக்கடி மாறுவதாகவோ இருந்தால், பக்கத்துக்குள் வைப்பதைவிட, ஜேசனை மட்டும் தரும் தனி முகவரியை அமைத்து, ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் மூலம் கேட்டுப் பெறுவது நல்லது. சர்வர் 404 அல்லது 500 என்று பதிலளித்தாலும் ஃபெட்ச் அதைப் பிழையாக எழுப்பாது; எனவே பதிலின் ஓகே மதிப்பைச் சரிபார்த்த பிறகே ஜேசனைப் பிரித்துப் படியுங்கள்.