மனசு எப்படி இருக்கிறது? 9 கேள்விகளில் ஒரு கணக்கு

"எப்படி இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. நமக்கு நாமே கேட்டுக்கொண்டாலும் அதே பதில்தான். அதனால் கேள்வியைக் கொஞ்சம் குறிப்பாகக் கேட்க வேண்டும்.

மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் இதற்கு உதவும். கடந்த 2 வாரங்களை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஆர்வமின்மை, சோர்வு, தூக்கம், பசி, கவனம் என்று 9 கேள்விகள். இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் 1, பாதி நாட்களுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சரி, அப்படியானால் மனச்சோர்வு நோய்தானா? அவசரப்படாதீர்கள். இது தெர்மாமீட்டர் மாதிரி; காய்ச்சல் இருப்பதைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும்கூட இதே சோர்வைத் தரும்.

எண் குறைவாக வந்தாலும், வேலை, வீடு, மனிதர்களோடு பழகுவது ஆகியவற்றில் எது சிரமமாகிவிட்டது என்று பாருங்கள். நானாக இருந்தால் தூக்கத்தைத்தான் முதலில் கவனிப்பேன். பதற்றம்தான் தொல்லை என்றால் அதற்கு ஜி.ஏ.டி-7 என்று தனியாக ஒரு கேள்வித்தாள் இருக்கிறது.

அப்புறம், அந்த 9ஆவது கேள்வி. செத்துவிடலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கும். அதற்கு 1 போட்டாலே மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, மருத்துவரையும் பாருங்கள்.