பச்சை டிக்கை நம்பாதீர்கள்: வீட்டிலிருந்து அமெரிக்க வரலாறு படிக்கும் பிள்ளைக்கு நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என் மகள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அமெரிக்கப் புரட்சி யூனிட் முடிந்திருந்தது. எல்லாப் பாடத்துக்கும் பக்கத்தில் பச்சை டிக், குவிஸில் 94. எனக்கும் சந்தோஷம். அன்று இரவு தோசை வார்த்துக்கொண்டே சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்: “பாஸ்டன்ல டீயை ஏன் கடல்ல கொட்டினாங்க?”

“டீ விலை ஏறிடுச்சுப்பா. வரியை ஜாஸ்தி பண்ணிட்டாங்க.”

உண்மை இதற்கு நேர்மாறு. 1773-ஆம் ஆண்டுச் சட்டம் டீ விலையைக் குறைத்தது. லண்டன் கிடங்குகளில் விற்காமல் தேங்கிக் கிடந்த தேயிலையைக் கிழக்கிந்தியக் கம்பெனி, அப்போது பிரிட்டனின் காலனியாக இருந்த அமெரிக்காவுக்கு நேராக அனுப்பி, தனக்கு வேண்டிய சில வியாபாரிகள் மூலம் விற்றுக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சலுகை கொடுத்தது. பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி 1767-இலேயே வந்துவிட்டது. அதை மட்டும் எடுக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அமெரிக்கர்கள் வாங்கிக் குடித்தால், தங்கள் ஆள் ஒருவர்கூட உட்காராத நாடாளுமன்றம் தங்கள் மேல் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கூடவே, கம்பெனியின் பட்டியலில் இல்லாத உள்ளூர் வியாபாரிகளுக்கும், டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களுக்கும் பிழைப்பு போகும். கொள்கையும் வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் அந்த டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகளைத் துறைமுகத்தில் தள்ளின. (நம்மவர்கள் உடனே அசாம், நீலகிரி என்று போய்விடுவார்கள். அது சீனத் தேயிலை. இந்தியாவில் தேயிலைத் தோட்டங்கள் வந்தது அடுத்த நூற்றாண்டில்.)

இவ்வளவு பெரிய விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு எப்படி 94 வாங்கினாள்? குவிஸைத் திறந்து பார்த்தேன். கேள்விக்கு நான்கு விடைகள். ‘வரி’ என்ற சொல் ஒன்றில்தான் இருந்தது. அதை அழுத்தினாள், டிக் விழுந்தது, அவ்வளவுதான். அந்தப் பாடத்திட்டத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த டிக்கைப் பார்த்து நிம்மதியாக இருந்தது நான்தானே.

எந்த வண்டியில் ஏறியிருக்கிறோம் என்று பார்க்காமல் விடுவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்கார்ந்து படித்தாலும், மாநிலம் நடத்தும் ஆன்லைன் பொதுப் பள்ளி வேறு, நாமே பாடத்திட்டம் வாங்கிச் சொல்லிக்கொடுக்கும் ஹோம்ஸ்கூலிங் வேறு. முன்னதில் ஆசிரியர், மாநிலத் தேர்வு எல்லாம் உண்டு. பின்னதில் பொறுப்பு முழுக்க நம்முடையது, விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியாவில் அமெரிக்க வரலாற்றோடு அந்த மாநில வரலாறும் கட்டாயம். பிள்ளை செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டவும் வேண்டும். நியூயார்க்கில் ஆண்டுத் தொடக்கத்தில் திட்டமும், காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கையும் கொடுக்க வேண்டும். டெக்சாஸில் ஹோம்ஸ்கூலுக்குக் கட்டாயமான பாடங்களின் பட்டியலில் வரலாறு என்ற பெயரே இல்லை. நல்ல குடிமைப் பண்பு என்றுதான் இருக்கிறது.

பாதியில் பாடத்திட்டம் மாற்றுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டெக்சாஸ் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரலாறு 1877-இல் நிற்கும். மிச்சம் உயர்நிலைப் பள்ளியில் வரும். கலிஃபோர்னியா ஐந்து, எட்டு, பதினொன்று என்று மூன்றாக வெட்டி வைத்திருக்கிறது. எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், பிள்ளை புரட்சியை இரண்டு தடவை படித்துவிட்டு, உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த காலத்தை ஒரு தடவைகூடப் படிக்காமல் போய்விடும். கவலைப்பட வேண்டியது அந்த இரண்டாவதைப் பற்றி.

ஆண்டுகளை மட்டும் உருப்போட வைப்பது

நாம் அப்படித்தான் படித்தோம். பானிபட் 1526, 1556, 1761. இங்கே அமெரிக்காவில் குடியுரிமைத் தேர்வுக்கும் நூறு கேள்வி அட்டைகளை காரில் வைத்துப் புரட்டித்தான் தேறினேன். அதே அட்டை வித்தையைப் பிள்ளையிடமும் ஆரம்பித்தேன். ‘அடிமை முறை எப்போது ஒழிந்தது?’ ‘1863.’ சரி, அடுத்த அட்டை.

ஆனால் 1863-இல் ஒழியவில்லையே. ஜனவரி 1 அன்று ஜனாதிபதி லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களின் பிடியில் இருந்த பகுதிகளுக்கு மட்டும்தான். யூனியன் (வடக்கு அரசு) பக்கமே நின்ற கென்டக்கி, டெலவேரில் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். டெக்சாஸின் கால்வெஸ்டனுக்கு யூனியன் படை வந்து, இனி நீங்கள் அடிமைகள் இல்லை என்று அறிவித்தது 1865 ஜூன் 19. அதைத்தான் இன்று ஜூன்டீன்த் என்று கொண்டாடுகிறார்கள். நாடு முழுக்க ஒழித்த பதிமூன்றாம் திருத்தம் அந்த ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது. அதற்கப்புறம் 1877-இல் தெற்கிலிருந்து மத்தியப் படையின் பாதுகாப்பு விலகியது, 1896-இல் கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து வைக்கும் ‘தனியாக, ஆனால் சமமாக’ என்பதை உச்ச நீதிமன்றமே ஏற்றது, 1954-இல் பள்ளிகளில் அது செல்லாது என்றது, 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

ஆண்டுகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக் கேளுங்கள். 1863-க்கும் 1865-க்கும் நடுவில் கால்வெஸ்டனில் இருந்த ஒரு பெண் தினமும் காலையில் எழுந்து என்ன செய்திருப்பாள்? 1865-இல் விடுதலை வந்துவிட்டதென்றால் வாக்குரிமைக்கு ஏன் இன்னொரு நூறு வருஷம்? இந்தக் கேள்விகளுக்கு நான்கு விடை கொடுத்து ஒன்றை அழுத்தச் சொல்ல முடியாது. அதனால்தான் குவிஸில் வருவதில்லை.

பாடம் சொல்வதையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்வது

என் கணக்கில் பெரிய தவறு இதுதான். ஆன்லைன் பாடம் ஏற்கெனவே மென்று கொடுத்த சோறு. எட்டு நிமிட வீடியோ, மூன்று பத்தி, ஒரு படம், குவிஸ். யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு அதில் என்ன லாபம் என்று கேட்கவே இடமில்லாமல் எல்லாம் ஒரே குரலில் வரும்.

நாங்கள் இதை மாற்றிப் பார்த்தது ஒரு படத்தை வைத்து. 1770 மார்ச் 5 இரவு, பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தின் மேல் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளியினர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த பாஸ்டன்காரர் பால் ரெவியர் அதைச் செதுக்குப் படமாக அச்சிட்டுச் சில வாரங்களுக்குள் விற்க ஆரம்பித்தார். எல்லாப் பாடத்திட்டத்திலும் அந்தப் படம் ஒரு மூலையில் இருக்கும், தபால் தலை அளவுக்கு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் பெரிய அளவில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை இறக்கி, திரை முழுக்க வைத்து, பத்து நிமிடம் வெறுமனே பார்க்கச் சொன்னேன். குறிப்பு எடுக்க வேண்டாம், கண்ணில் படுவதைச் சொன்னால் போதும்.

முதலில் நாயைப் பார்த்தாள். கூட்டத்துக்கு முன்னால் ஒரு சின்ன நாய் சாவகாசமாக நிற்கிறது. அப்புறம் சிப்பாய்களை. “எல்லாரும் ஒரே லைன்ல நிக்கறாங்கப்பா, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி.” பின்னால் அதிகாரி ஒருவர் வாளை உயர்த்திச் சுடச் சொல்கிறார். எதிரே நிற்பவர்கள் கையில் ஒரு கட்டைகூட இல்லை. சிப்பாய்களுக்கு மேலே ஒரு பெயர்ப் பலகை. எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘கசாப்புக் கூடம்’ என்று எழுதியிருந்தது. நிஜத்தில் அது சுங்க அலுவலகம்.

பிறகு அந்தச் சிப்பாய்கள் மேல் நடந்த வழக்கின் கதையைச் சொன்னேன். அன்று தரையில் பனி. கூட்டம் பனிக்கட்டியையும் கட்டைகளையும் எறிந்தது. படத்தில் பனியே இல்லை. தளபதி பிரெஸ்டன் சுடச் சொன்னதாக நிரூபிக்க முடியவில்லை, விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேரும் விடுதலை. இரண்டு பேருக்குக் கட்டைவிரலில் சூடு. அவர்களுக்காக வாதாடிய வக்கீல் யார் தெரியுமா? ஜான் ஆடம்ஸ். பின்னாளில் நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவர். “அவரு அமெரிக்கா சைடு இல்லையா?” என்றாள். அந்த ஒரு கேள்வியில் ஒரு யூனிட் முழுக்க இருந்தது.

ஒரு எச்சரிக்கை: ‘ரெவியர் பொய் சொன்னார்’ என்று முடித்துவிட்டால் இன்னொரு பச்சை டிக்தான் மிஞ்சும். ஐந்து பேர் செத்தது நிஜம், ஊருக்குள் படையைக் கொண்டுவந்து இறக்கியிருந்ததும் நிஜம். படம் எதற்காக அப்படி வரையப்பட்டது என்பதுதான் விஷயம். பெரிய பிள்ளைகளுக்கு இதே முறையில் 1930-களில் பதிவான முன்னாள் அடிமைகளின் வாக்குமூலங்களைக் கொடுக்கலாம். இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, அதே நூலகத்தில். கேட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்பதையும், சொன்னவர்கள் தங்கள் சிறு வயதை எழுபது வருஷம் கழித்து நினைவுகூர்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏ.பி. எனப்படும், உயர்நிலைப் பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வில் ஏழு ஆவணங்களைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அன்றைக்குத்தான் முதல் ஆவணத்தைப் பார்க்கும் பிள்ளை திணறத்தான் செய்யும்.

யூடியூப் பற்றி ஒரு வார்த்தை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட சிறுவன் வாஷிங்டன் கதையை இன்னும் எத்தனையோ வீடியோக்கள் நிஜம்போலச் சொல்கின்றன. அவர் இறந்த பிறகு வாழ்க்கை வரலாறு எழுதிய ஒரு பாதிரியார் சேர்த்த கதை அது. ஏ.ஐ.யிடம் விடையை எழுதி வாங்கி ஒட்டும் பழக்கமும் இதே ரகம்தான். பிள்ளையைத் திட்டுவதற்கு முன், வாயால் சொல்லச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

‘நமக்கும் இதுக்கும் என்ன?’

இந்த எண்ணம் நம் வீடுகளில் சத்தமில்லாமல் இருக்கிறது. கணக்குக்குக் காட்டும் அக்கறையில் பாதிகூட வரலாற்றுக்கு இல்லை. ஆனால் டீ பெட்டிகளை அனுப்பிய அதே கம்பெனிதான் சென்னையில் ஜார்ஜ் கோட்டையைக் கட்டியது. அமெரிக்கப் புரட்சிப் போரில் யார்க்டவுனில் 1781-இல் தோற்ற பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் அடுத்த பத்தாண்டில் கவர்னர் ஜெனரலாக வந்து திப்புவோடு மோதி, அவர் மகன்கள் இரண்டு பேரைப் பிணையாகக் கொண்டுபோனவர். நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்பதும் பாடம்தான்: 1917-இல் ஆசியர்களில் பெரும்பாலோர் வரத் தடை, 1923-இல் பகத் சிங் திண்ட் என்ற முன்னாள் ராணுவ வீரருக்குக் குடியுரிமை இல்லை என்ற தீர்ப்பு, 1946-இல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்ற ஒதுக்கீடு, 1965-இல் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம். அந்த 1965 சட்டம் வந்தது கறுப்பின மக்களின் போராட்டம் உருவாக்கிய சூழலில்.

பெருமைக்காக மட்டும் தொடர்பு தேடுவதும் தவறுதான். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல் சென்னையில் கவர்னராக இருந்தவர் என்று மார்தட்டுவோம். அவர் காலத்து நிர்வாகத்தின் கீழ் சென்னையிலிருந்து அடிமைகள் கப்பலேறியதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். பிள்ளை ஊரில் இருக்கும் சாதியைப் பற்றித் திருப்பிக் கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் கேரளத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டப்படாதவர் என்று அவரை அறிமுகப்படுத்தினார்கள். முதலில் திடுக்கிட்டாராம்; பிறகு யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் அதுதான் என்று ஏற்றுக்கொண்டதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

தமிழில் பேசினால் குழம்பிவிடும் என்று பயப்படுவது

பாடம் ஆங்கிலத்தில், அதனால் விளக்கமும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்று நானும் நினைத்தேன். எங்களுக்குப் பலித்தது மாற்று வழிதான். ஆங்கிலத்தில் கேட்டால் பாடத்தின் வாக்கியத்தையே திருப்பி ஒப்பிப்பாள். தமிழில் சொல்லச் சொன்னால் ஒப்பிக்க வாக்கியமே இருக்காது; புரிந்திருந்தால்தான் சொல்ல முடியும்.

இப்போது சனிக்கிழமை காலையில் தஞ்சாவூரில் இருக்கும் என் அம்மாவுக்கு வீடியோ காலில் அந்த வாரப் பாடத்தைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. லேப்டாப் மூடியிருக்க வேண்டும். முதல் வாரம் டீ கதைதான். ‘நோ டாக்சேஷன் வித்தவுட் ரெப்ரசென்டேஷன்’ வந்ததும் நின்றுவிட்டாள். ரெப்ரசென்டேஷனுக்குத் தமிழ் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்களைக் கேக்காம எங்ககிட்ட வரி வாங்காதன்னு சொன்னாங்க பாட்டி” என்றாள்.

பாட்டி தலையாட்டினாள். பிறகு, “சரி, கொட்டின சரக்கு அந்தக் கம்பெனிக்காரனோடதுதானே? அதுக்கு யார் காசு கொடுத்தா?” என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். குவிஸில் அப்படி ஒரு கேள்வி வரவில்லை. ஆனால் விடை அடுத்த யூனிட்டில் இருந்தது: தேயிலைக்குப் பணம் கட்டும்வரை பாஸ்டன் துறைமுகத்தை இழுத்து மூடுவது என்று 1774-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கால் முடிந்ததும் யாரும் சொல்லாமலே லேப்டாப்பைத் திறந்து அதைத் தேட ஆரம்பித்தாள்.