அமெரிக்காவில் பல் மருத்துவ லைசென்ஸ்: மாநிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தொடங்குங்கள்

"அமெரிக்காவில் பல் மருத்துவராக என்ன தேர்வு எழுத வேண்டும்?" என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாநிலத்தில்? நாடு முழுவதற்கும் செல்லும் ஒரே லைசென்ஸ் அங்கே கிடையாது. 1841இல் அலபாமா முதல் சட்டம் போட்ட காலத்திலிருந்தே இது மாநிலங்களின் கையில்தான் இருக்கிறது. டெக்ஸாஸில் பத்து வருடம் வேலை பார்த்தவரும் கலிஃபோர்னியாவில் அந்த ஊர் லைசென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஆகவே முதல் வேலை, நீங்கள் போகும் மாநிலத்தில் லைசென்ஸ் தரும் அமைப்பான பல் மருத்துவ போர்டின் இணையதளத்தைத் திறப்பது. அங்கே சட்டம் தனியாக, விதிகள் தனியாக இருக்கும். சட்டம் சட்டமன்றம் போட்டது, எளிதில் மாறாது. விதிகளை போர்டே திருத்தும். அதனால் விதிகளை இன்றைய தேதியில் படியுங்கள். தெரிந்தவர் மூன்று வருடத்துக்கு முன் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது படிப்பு. பல் மருத்துவரானாலும், பல்லைச் சுத்தம் செய்து ஈறுகளைப் பராமரிக்கும் ஹைஜீனிஸ்டானாலும், கோடா (பல் மருத்துவப் படிப்புகளை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பு) அங்கீகாரம் பெற்ற படிப்பைத்தான் ஏறக்குறைய எல்லா மாநிலமும் கேட்கும். நம் ஊர் பல் மருத்துவப் பட்டமான பிடிஎஸ் மட்டும் பெரும்பாலான மாநிலங்களில் போதாது. அங்குள்ள கல்லூரியில் இன்னும் இரண்டு, மூன்று வருடம் படிக்க வேண்டும். விதிவிலக்குகளும் உண்டு. வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்தவர் ஹைஜீனிஸ்ட் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க ஃபுளோரிடா வழி வைத்திருக்கிறது. அலபாமாவில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்துகொண்டே பயிற்சி பெற்று ஹைஜீனிஸ்ட் ஆகலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு வேறு மாநிலம் போவது கஷ்டம்.

சரி, இப்போது எழுத்துத் தேர்வு. பல் மருத்துவருக்கு ஐஎன்பிடிஇ: இரண்டு நாள், 500 கேள்விகள். ஹைஜீனிஸ்டுக்கு என்பிடிஎச்இ: ஒரே நாள், 350 கேள்விகள். இரண்டுக்கும் முன்னால் டென்ட்பின் என்ற அடையாள எண் வாங்க வேண்டும். நம்மவர்கள் இடறி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பாருங்கள். என் தங்கையின் பட்டச் சான்றிதழில் "ச. மீனா". பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து "மீனா சண்முகம்". டென்ட்பின்னைச் சான்றிதழில் உள்ளபடி பதிந்துவிட்டாள். தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பெயரைத் திருத்தி, இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து முடிப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. முதல் நாளிலிருந்தே எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட் பெயரையே போடுங்கள். பிரமாணப் பத்திரத்தையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

அப்புறம் செய்முறைத் தேர்வு. பல மாநிலங்கள் அடெக்ஸ் தேர்வை ஏற்கின்றன. முன்பு நோயாளியை நாமே தேடி அழைத்துப் போக வேண்டியிருந்தது. இப்போது செயற்கைப் பல்லில் செய்து காட்டும் முறை வந்திருப்பது பெரிய நிம்மதி. நியூயார்க் வழி வேறு: பல் மருத்துவர்கள் இந்தத் தேர்வுக்குப் பதிலாக ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிறகு மேற்பார்வையில் பெறும் பயிற்சி, முடிக்க வேண்டும். எந்தத் தேர்வு, எத்தனை வருடத்துக்குள் எழுதியது செல்லும் என்ற இரண்டையும் போர்டு விதியில் பார்த்த பிறகே தேதி குறியுங்கள்.

மாநிலச் சட்டத் தேர்வு, கைரேகை, சிபிஆர் (இதயம் நின்றால் செய்யும் முதலுதவி) சான்று இதெல்லாம் கடைசிக் கட்டம். வேறு மாநிலத்தில் லைசென்ஸ் இருந்தால் அதை உறுதி செய்து அந்த போர்டிலிருந்து நேரடியாகக் கடிதம் வர வேண்டும். அதை முதலில் கேட்டு வையுங்கள், தாமதம் அங்கேதான்.

ஹைஜீனிஸ்டுகளுக்குத் தனியாக ஒன்று. லைசென்ஸ் கையில் வந்தாலும் என்னென்ன செய்யலாம் என்பதையும் மாநிலமே முடிவு செய்கிறது. மரத்துப்போகும் ஊசி போட வாஷிங்டன் 1971இலேயே அனுமதித்தது. டெக்ஸாஸ் அதற்கு 2023இல்தான் சட்டம் கொண்டுவந்தது. கொலராடோவில் பல் மருத்துவர் இல்லாமலே தனியாக கிளினிக் நடத்தலாம். ஒரே படிப்பு, ஒரே கை, எல்லை தாண்டினால் வேறு வேலை. இவ்வளவு பயிற்சி பெற்றவர்களை இப்படிக் கட்டிப்போடுவது நோயாளிகளுக்குத்தான் நஷ்டம் என்பது என் எண்ணம். வேலைக்குச் சேரும் முன் எந்த வேலைக்கு மருத்துவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எதற்கு அவர் உத்தரவு மட்டும் போதும் என்ற பட்டியலைத் தேடிப் படியுங்கள். அதை மீறினால் போவது உங்கள் லைசென்ஸ்.

லைசென்ஸ் வந்த பிறகு புதுப்பித்தல். கலிஃபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர் 50 மணி நேரமும் ஹைஜீனிஸ்ட் 25 மணி நேரமும் தொடர்கல்வி காட்ட வேண்டும். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் சான்றிதழை அன்றே ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். போர்டு கேட்கும்போது காட்ட வேண்டியது அதைத்தான்.