பெருமரம் தேடி ஜவ்வாது மலைக்கு: வெளிநாட்டிலிருந்து கேமராவோடு வருகிறவர்களுக்கு

வேலூரில் இறங்கி "பழைய காடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், அமிர்தி, ஜமுனாமரத்தூர், ஏலகிரி என்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். யாரும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் மலை உச்சிக்குப் போனால் அடர்ந்த காடு இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். வடாற்காட்டு மலைச்சரிவுகளை விறகுக்கும் மரத்துக்குமாகப் பல தலைமுறைகள் வெட்டியிருக்கிறார்கள். சரிவில் இன்று தெரிவது பெரும்பாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த இளமரங்கள், வரிசையாக நட்ட தேக்கு, இவற்றுக்கிடையே உண்ணிச்செடிப் புதர். முதுமரங்கள் தப்பிப் பிழைத்தது இரண்டே இடங்களில்: காட்டாற்று மடுவோரங்களிலும் ஊர்ச்சாமியின் கோயில்காடுகளிலும். உங்கள் நடையை இந்த இரண்டையும் வைத்துத் திட்டமிடுங்கள்.

முதலில் அனுமதி. பழைய வடாற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது. அதனால் ஒரே ஜவ்வாது மலைக்கு இன்று மூன்று மாவட்டங்களில் தனித்தனி வன அலுவலகங்கள். அமிர்திப் பக்கம் வேலூர், காவலூரும் புதூர்நாடும் திருப்பத்தூர், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை. ஓரிடத்தில் வாங்கிய அனுமதி அடுத்த மாவட்டத்தில் செல்லாது. 2018 மார்ச்சில் மலையேற வந்தவர்கள் பலியான குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு, காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நடப்பது கண்டிப்பாகப் பார்க்கப்படுகிறது. தமிழக அரசு 2024-ல் 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் இணையம் வழியே முன்பதிவு செய்யலாம். வழிகாட்டியும் கூடவே வருவார். அந்தப் பட்டியலில் இல்லாத இடம் என்றால், மாவட்ட வன அலுவலருக்குப் பெயர், பாஸ்போர்ட் எண், நாள், போகும் இடம், கொண்டுபோகும் கருவிகள் எல்லாவற்றையும் எழுதி, பயணத்துக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பம் அனுப்புங்கள். இங்குள்ள சொந்தக்காரர் ஒருவர் நேரில் போய்க் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் பொருளால்தான். ட்ரோன் கொண்டு வராதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. மலையேறும் பழக்கம் உள்ளவர்கள் பையில் வைத்திருக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவியும் அப்படித்தான். உரிமம் இல்லாத செயற்கைக்கோள் போனும் அதே வகைக் கருவிகளும் இந்தியாவில் குற்றம். விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதால் வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். ராணுவப் புள்ளிபோட்ட உடுப்பும் வேண்டாம். தங்கும் விடுதிகள் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் வந்ததைப் பதிவு செய்து அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மலைமேல் உள்ள சிறிய விடுதிகள் அந்த வேலைக்குத் தயங்கி இடம் இல்லை என்று சொல்லிவிடலாம். வேலூர், போளூர், திருப்பத்தூர் மூன்றில் ஒன்றில் தங்கி, விடிவதற்குள் கிளம்புவது நல்லது.

பருவம் என்று பார்த்தால் அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரைதான். வடகிழக்கு மழை பெய்து ஓடைகளில் தண்ணீர் இருக்கும், காலையில் பனிமூட்டம் தங்கும். இது இலையுதிர்காடு, பிப்ரவரிக்கு மேல் இலை கொட்டிப் பழுப்பாகிவிடும், தீப்பிடிக்கும் காலமும் அதுவே. அந்த மாதங்களில் பாதைகளை மூடிவிடுவது வழக்கம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையால் ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே வர முடிகிறவர்களுக்கும் காடு பச்சையாகவே இருக்கும். மாலையில் இடிமழை வரக்கூடும் என்பதால் பகல் 2 மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குச் சுமார் 25 கிலோமீட்டர். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு இது போதும். 1967-ல் அமைத்த உயிரியல் பூங்காவும், மழைக்காலத்தில் மட்டும் விழும் அருவியும் இருக்கின்றன. குரங்குத் தொல்லை அதிகம். லென்ஸ் மாற்றும்போது பையைத் திறந்தபடி தரையில் வைக்காதீர்கள். காட்டுக்காகவே வருகிறவர்கள் போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறுங்கள். செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. அதில் வந்து சேரும் ஓடைகளின் பள்ளங்களில்தான் நீர்மருதும் நாவலும் அத்தியும் பெருத்து நிற்கின்றன.

முதுகாட்டை எப்படி அறிவது? ஒரே பருமனில் மரங்கள் நின்றால் அது நட்ட காடு அல்லது வெட்டித் துளிர்த்த காடு. கைப்பருமன் கொடிகள் உச்சிவரை ஏறியிருக்க வேண்டும். விழுந்த மரம் அங்கேயே மக்கிக் கிடக்க வேண்டும். பொந்து விழுந்த கிழமரத்தின் காலடியிலேயே கன்றும் நிற்க வேண்டும். படத்திலும் இந்த மூன்றையும் சேர்த்துக் காட்டுங்கள். தனியாக ஒரு பெரிய மரத்தை எடுத்தால் அது சாலையோர மரம் போலத்தான் தெரியும்.

டிசம்பரில் சூரியன் 6.30-ஐ ஒட்டி எழுந்தாலும் பள்ளத்துக்குள் வெளிச்சம் இறங்க ஏழரை ஆகும். அதிலிருந்து ஒன்பதரை வரைதான் உங்கள் நேரம். அதன்பின் இலைகளுக்கிடையே வெயில் திட்டுத்திட்டாக விழுந்து, ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் போகும். மேகமூட்டமான நாள் கிடைத்தால் அதைவிட அதிர்ஷ்டம் இல்லை, அன்று நாள் முழுக்க எடுக்கலாம். முக்காலி கட்டாயம் வேண்டும். லென்ஸ் துளையை எஃப் 8, ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 200 என்று வைத்தால் ஷட்டர் அரை நொடி, ஒரு நொடி என்று நீளும். காற்றில் இலை ஆடினால் ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றுங்கள். மழை நனைத்த இலைகள் வானத்தைப் பிரதிபலித்து வெள்ளையாகப் பளபளக்கும். போலரைசர் ஃபில்டரை மெல்லச் சுழற்றினால் அந்தப் பளபளப்பு அடங்கி, பச்சை வெளியே வரும். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். வானம் எட்டிப்பார்க்கும் இடைவெளிகளைக் கூடியவரை சட்டகத்துக்கு வெளியே தள்ளுங்கள். முடியாவிட்டால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறையுங்கள். ஆட்டோ வொயிட் பேலன்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறம் காட்டும். நிழல் அமைப்பில் நிறுத்தி, கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலாக எடுங்கள்.

உயரமான மரத்தை அகல லென்ஸில் அண்ணாந்து எடுத்தால் பின்னுக்குச் சாய்வது போலத் தெரியும். தள்ளி நின்று, கேமராவைப் படுக்கையாக வைத்து, அடியிலிருந்து உச்சிவரை 5 படம் எடுங்கள், பிறகு கணினியில் ஒரே படமாக ஒட்டலாம். ஒவ்வொன்றும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கை மூடட்டும். எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் மேனுவலில் பூட்டாவிட்டால் ஒட்டும்போது பட்டை பட்டையாகத் தெரியும். மரப்பட்டையை நெருங்கி எடுக்கிறவர்களுக்கு: கருமருதின் பட்டை முதலைத்தோல் போல வெடித்திருக்கும், அதற்குப் பக்கவாட்டு வெயில் வேண்டும். நீர்மருது வழவழப்பான வெளிர்மரம், வெயிலில் வெளுத்துவிடும், நிழலில்தான் எடுபடும்.

காரில் ஏசி போட்டு வந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிந்து அரைமணி நேரம் எதுவும் தெரியாது. ஊர் நெருங்கும்போதே ஏசியை நிறுத்தி, பையின் ஜிப்பைத் திறக்காமல் வைத்திருங்கள்.

கோயில்காட்டுக்குள், இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் ஊர்ப் பெரியவரைக் கேட்காமல் நுழையக் கூடாது. "ஐயா, சாமி காட்டைப் பார்க்க வந்திருக்கிறோம், படம் எடுத்துக்கலாங்களா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். செருப்பை வெளியே கழற்றுங்கள். சாமிக் கல்லையும் வேல்கம்பையும் தொடாதீர்கள். ஒரு சுள்ளியைக்கூட எடுக்காதீர்கள். இந்தக் காடு நிற்பதே அங்கிருந்து யாரும் எதையும் எடுக்காததால்தான். சந்தனத்தில் இரட்டைக் கவனம் தேவை: கீழே கிடந்த துண்டு என்றாலும் பையில் இருந்தால் வழக்கு. சாமை, தேன் என்று ஊரில் விற்கிறதை வாங்குங்கள், கூட வருகிறவரின் கூலியை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். ஆட்களை எடுத்த படம் இருந்தால், ஊர் திரும்புமுன் வேலூரில் பிரிண்ட் போட்டு அனுப்பிவையுங்கள்.

விடியலிலும் அந்தியிலும் கரடி நடமாடும்; பேசிக்கொண்டே நடங்கள், தனியாகப் போகாதீர்கள். பாறையில் மலைத்தேனீ அடை தொங்கினால் சென்ட், புகை, ஃபிளாஷ் மூன்றும் ஆபத்து. ஜனவரியில் முற்றிய பூனைக்காலிக் காய் உரசினால் தாங்க முடியாத அரிப்பு எடுக்கும். முழுக்கைச் சட்டையும் கணுக்கால் மூடும் ஷூவும் அதற்காகவும்தான். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். பாம்பு கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ கூடாது, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். அமிர்திப் பக்கத்துக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியிலேயே இருக்கிறது. அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குளில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நசுக்காமல், தோலோடு ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுங்கள்.