நடுவில் சாக்லேட் வைத்த குச்சி மிட்டாய்: பிள்ளைகளோடு வீட்டில் செய்ய

குச்சி மிட்டாய் செய்வதில் பிள்ளைகளுக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அடுப்புப் பக்கம் வரக்கூடாது, பாகைத் தொடக்கூடாது, பிறகென்ன வேடிக்கை பார்ப்பதா? வெறும் மிட்டாய் என்றால் அப்படித்தான். நடுவில் ஏதாவது வைத்துச் செய்யும்போதுதான் அவர்களுக்கு உண்மையான வேலை கிடைக்கிறது. உள்ளே வைக்கும் பூரணத்தைப் பிசைவது, உருட்டுவது, குச்சியில் கோப்பது, கடைசியில் தாளில் சுற்றுவது எல்லாம் அவர்களுடையது. அடுப்பில் நடக்கும் கால் மணி நேரம் மட்டும் உங்களுடையது.

எடுத்து வைக்க வேண்டியவை

சுமார் 10 மிட்டாய்க்கு: சர்க்கரை 200 கிராம், திரவ குளுக்கோஸ் 80 கிராம், தண்ணீர் 60 மில்லி, ஆரஞ்சு எசென்ஸ் அரை டீஸ்பூன், உணவு நிறம் ஒரு துளி.

பூரணத்துக்கு: பொடித்த சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், பால் பவுடர் 2 டேபிள்ஸ்பூன், கோகோ தூள் 1 டீஸ்பூன், உப்பில்லாத வெண்ணெய் 2 அல்லது 3 டீஸ்பூன்.

குச்சி மிட்டாய்க்கான சிலிக்கான் அச்சு, காகிதக் குச்சிகள், அடி கனமான பாத்திரம், மிட்டாய் வெப்பமானி ஆகியவையும் வேண்டும். அச்சின் குழி 4 சென்டிமீட்டர் அகலமும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான ஆழமும் இருந்தால் வசதி. குளுக்கோஸை விட்டுவிடலாமா என்று யோசிக்காதீர்கள். சர்க்கரை மறுபடியும் மணல் போலப் பூத்துவிடாமல் தடுப்பது அதுதான்.

1. பூரணம் (பிள்ளைகளின் வேலை)

பொடிகளை ஒன்றாகச் சலித்து, மெத்தென்ற வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையச் சொல்லுங்கள். களிமண் போலத் திரண்டு கையில் ஒட்டாமல் வந்தால் சரி. உதிர்ந்தால் இன்னும் சிறிது வெண்ணெய் சேர்க்கலாம். தண்ணீரோ பாலோ ஒரு சொட்டுகூட வேண்டாம்.

இந்த எச்சரிக்கை என் சொந்த அனுபவம். முதல் தடவை ஆசையாகப் பழ ஜாம் வைத்தேன். அன்றைக்குப் பார்க்க மிக அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஒவ்வொரு மிட்டாயின் அடியிலும் ஒரு சிவப்புக் குட்டை. ஜாமில் உள்ள ஈரம் உள்ளிருந்தே சர்க்கரையைக் கரைத்து வழி கண்டுபிடித்துவிட்டது. ஈரம் குறைந்த, கொழுப்புள்ள பூரணமே இதற்கு ஏற்றது. மெல்லும் பபிள்கம் துண்டும் வைக்கலாம்.

பிசைந்ததைக் கொண்டைக்கடலை அளவு உருண்டைகளாக உருட்ட வேண்டும். மேலே சொன்ன அளவில் 10 உருண்டைக்குத் தேவையானதைவிட அதிகமாகவே வரும். மிச்சம் எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2. குச்சியில் கோத்தல் (இதுவும் அவர்களுடையது)

குச்சியை உருண்டைக்குள் செருகி, மறுபக்கம் அரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி விட வேண்டும். பிறகு இரண்டு விரலால் லேசாக அமுக்கினால் சட்டைப் பொத்தான் போலத் தட்டையாகும். குச்சியின் நுனி பூரணத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. நான்கு முறை சப்பியதும் குச்சி கையோடு வந்துவிடும். நுனி வெளியே வந்து கெட்டிச் சர்க்கரைக்குள் புதைந்திருக்க வேண்டும்.

கோத்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 10 நிமிடம் வைத்து இறுக விடுங்கள். திறந்து வைத்தால் மேலே நீர் கோத்துக்கொள்ளும்.

3. பாகு (பெரியவர் மட்டும்)

அடுப்பைப் பற்றவைக்கும் முன் அச்சு, எசென்ஸ், கரண்டி, பூரணம் கோத்த குச்சிகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாகு பதத்துக்கு வந்த பிறகு எதையும் தேட நேரம் இருக்காது. பிள்ளைகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரட்டும். பாகு தோலில் பட்டால் வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் கொதிநீரைவிட மோசமான புண் ஆகும். தவறிப் பட்டால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டாலோ, பட்டது குழந்தையாக இருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

சர்க்கரை, குளுக்கோஸ், தண்ணீர் மூன்றையும் மிதமான சூட்டில் வைத்து, சர்க்கரை கரையும் வரை மட்டும் கிளறுங்கள். கொதிக்கத் தொடங்கியதும் கரண்டியை எடுத்துவிடுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் சர்க்கரைத் துகள்களை நனைத்த பிரஷால் துடைத்துவிடலாம். ஒரு துகள் உள்ளே விழுந்தாலும் பாகு முழுவதும் பூத்துவிடும்.

வெப்பமானியின் முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் முள் நகரவே நகராது. நீர் ஆவியாகிக் கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் வேறு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது கருகல் வாசனைதான் வரவேற்கும், ஏனெனில் 130ஐத் தாண்டியதும் சூடு விறுவிறுவென்று ஏறும். நமக்கு வேண்டியது 150.

வெப்பமானி இல்லையென்றால் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர் வைத்துக்கொண்டு அதில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் தாண்டி, நீரில் விழுந்த இழையை எடுத்து வளைத்தால் வளையாமல் 'டக்' என்று முறிய வேண்டும். ஆறிய இழையைப் பிள்ளைகளிடம் கொடுத்து முறிக்கச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு சொட்டு விடச் சொல்வார்கள். வளைந்தாலோ பல்லில் ஒட்டினாலோ இன்னும் பதம் வரவில்லை.

4. இரண்டு தடவையாக ஊற்றுதல்

அடுப்பை அணைத்து, குமிழ்கள் அடங்கட்டும். எசென்ஸும் நிறமும் சேர்க்கும்போது சீறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கலக்கிவிட்டு, அச்சின் குழிகளில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள்.

ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். அச்சைச் சற்றே சாய்த்தால் பாகு ஓடாமல், ஆனால் மேலே இன்னும் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். அப்போது குச்சிகளை ஒவ்வொன்றாக வாங்கி நீங்களே நடுவில் வையுங்கள். பூரணத்தைச் சுற்றிலும் அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் இருக்கட்டும். ஓரத்தைத் தொட்டால் அந்த இடத்தில் உடையும். உடனே மீதிப் பாகை மேலே ஊற்றி மூடுங்கள். பாத்திரத்தில் அது இறுகிவிட்டால் மிகச் சிறு தீயில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும்.

முதல் அடுக்கு முழுவதும் ஆறிய பிறகு ஊற்றினால் இரண்டும் ஒட்டாமல் சிப்பி போலப் பிரியும். என் இரண்டாவது தோல்வி இதுதான்.

5. எடுத்தல், சுற்றுதல்

அரை மணி நேரம் அசையாமல் இருக்கட்டும். அச்சின் அடியில் கை வைத்துப் பார்த்து, சூடு துளியும் இல்லையென்றால் பிள்ளைகளைக் கூப்பிடலாம். குச்சியை இழுக்காமல், அச்சைப் பின்புறமாக மடித்துப் பிதுக்கி எடுக்கச் சொல்லுங்கள்.

எடுத்தவுடன் வண்ணத்தாளில் சுற்றிவிட வேண்டும். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒட்ட ஆரம்பிக்கும். குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தர வேண்டாம், உடைந்த துண்டு தொண்டையில் அடைக்கும். பெரிய பிள்ளைகளும் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், வாயில் குச்சியோடு ஓடக்கூடாது.

பாறையாக இறுகிய பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம். தண்ணீர் நிரப்பி, கரண்டியையும் அதற்குள்ளேயே போட்டுக் கொதிக்கவிடுங்கள். பத்து நிமிடத்தில் தானாகக் கரைந்துவிடும்.