ஓபிஎன்சென்ஸில் சுரிகாட்டா: முதலில் கவனிப்பு, அப்புறம் தடுப்பு

புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி அலுவலகம். பதினொரு கணினி, ஒரு ஃபைபர் இணைப்பு, நடுவில் ஓபிஎன்சென்ஸ் என்ற மென்பொருள் போட்ட பயர்வோல். அதற்குள் இருக்கும் சுரிகாட்டா, போய்வரும் தரவை விதிகளோடு ஒப்பிட்டு, தாக்குதல் போலத் தெரிந்தால் எச்சரிக்கும் அல்லது தடுக்கும். அங்கே முதல் நாளே எல்லா விதிகளையும் தடுப்புக்கு மாற்றிவிட்டேன். மத்தியானத்துக்குள் கணக்குப் பார்க்கும் அக்கா வந்து, “தம்பி, பாங்க் பக்கம் திறக்குதில்லை” என்றார். சம்பள நாள் அது. அந்த வேலையை யாரும் திரும்பச் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ‘சிஸ்டம்’ மெனுவில் பேக்கப் ஒன்று எடுத்துவையுங்கள். அங்கேயே நேர வலயத்தை ‘ஆசியா/கொழும்பு’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் பதிவுகள் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். காலை ஒன்பது மணிக்கு நடந்ததை அதிகாலை மூன்றரையில் தேடுவீர்கள். ‘இன்டர்ஃபேசஸ்’ செட்டிங்ஸில் ஹார்ட்வெயார் ஒஃப்லோடிங்கை, அதாவது தரவு வேலையில் ஒரு பகுதியை நெட்வேர்க் கார்ட்டே செய்வதை, முடக்கும் மூன்று பெட்டிகளிலும் டிக் இருக்கட்டும்.

சரி, இப்போது ‘சேர்விசஸ்’, ‘இன்ட்ரூஷன் டிடெக்ஷன்’, ‘அட்மினிஸ்ட்ரேஷன்’. ‘எனேபிள்’ கொடுங்கள், தடுப்பைச் செய்யும் ஐபிஎஸ் முறையை இப்போதைக்குத் தொடவேண்டாம். எந்த இன்டர்ஃபேஸ் என்று கேட்கும். லேன் பக்கத்தை, அதாவது அலுவலகக் கணினிகள் இருக்கும் பக்கத்தை, தேர்ந்தெடுங்கள். இணையம் வரும் வேன் பக்கம் கேட்டால், பயர்வோல் செய்யும் முகவரி மாற்றம் (நாட்) முடிந்தபின் எல்லாக் கணினிகளும் ஒரே ஐபி முகவரியாகத்தான் தெரியும். லேனில் கேட்டால் 192.168.1.23 என்று எச்சரிக்கை வரும். நேரே அந்த மேசைக்கு நடந்து போகலாம்.

‘டவுன்லோட்’ தாவலில் விதித்தொகுப்புகளின் நீண்ட பட்டியல் இருக்கும். எல்லாம் வேண்டாம். அபியூஸ்.சிஎச் தரும் ‘யூஆர்எல்ஹோஸ்’, ‘இ.டி. ஓபன்’ என்ற இலவச விதித்தொகுப்பின் மல்வெயார், எக்ஸ்ப்ளோயிட், அட்டாக்-ரெஸ்பொன்ஸ் போதும். இறக்கி, ‘ஷெட்யூல்’ தாவலில் தினமும் இரவு புதுப்பிக்கச் சொல்லுங்கள். பழைய விதி புதிய தாக்குதலைப் பிடிக்காது.

வேலை செய்கிறதா? இப்படிச் சோதிப்பதற்கென்றே இருக்கும் டெஸ்ட்மைநிட்ஸ் தளத்தின் யுஐடி பக்கத்தை எச்டிடிபி வழியாகத் திறங்கள், எச்டிடிபிஎஸ் ஆகாது. திரையில் ‘யுஐடி=0(ரூட்)’ என்று ஒரே வரி வரும். ஆபத்தில்லாத வரிதான். ஆனால் ‘அலர்ட்ஸ்’ தாவலில் 2100498 என்ற விதி எண் விழுந்திருக்க வேண்டும். எச்டிடிபிஎஸ் உள்ளடக்கம் மறையாக்கப்பட்டிருப்பதால் சுரிகாட்டா அதைப் படிக்காது. ஆகவே கணினிகளில் உள்ள அன்டிவைரஸைக் கழற்றிவிடாதீர்கள்.

இப்படியே ஒரு வாரம் விடுங்கள். தினமும் காலை பதிவைப் பாருங்கள். சம்பள நாள், வற் கணக்கு அனுப்பும் நாள் இரண்டும் அந்த வாரத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது. வழமையான வேலைக்கு எச்சரிக்கை தரும் விதி இருந்தால், அந்த ஒரு விதி எண்ணை மட்டும் நிறுத்துங்கள், தொகுப்பையே நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் ஐபிஎஸ் முறையை இயக்கி, ‘பொலிசி’ பக்கத்தில் ‘அலர்ட்’டை (எச்சரிப்பு) ‘ட்ரொப்’ (தடுப்பு) ஆக்குங்கள். கடை பூட்டிய பிறகு செய்யுங்கள், இணைப்பு கொஞ்ச நேரம் அறுபடலாம். அதே சோதனைப் பக்கத்தைத் திரும்பத் திறங்கள். பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே நின்று, பதிவில் ‘புளொக்ட்’ என்று விழுந்தால் தடுப்பு வேலை செய்கிறது. மறுநாள் காலை கணக்குப் பார்ப்பவரின் பக்கத்தில் நின்று, பாங்க் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.