ஊழியர் கருத்துக்கணிப்பில் உண்மையான பதில் வர

"பெயர் எழுத வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வயது, பதவி, பணிக்காலம் மூன்றையும் கேட்டால், ஆறு பேர் உள்ள பிரிவில் எழுதியது யார் என்று மேலாளர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த முறை எல்லோரும் 5-க்கு 4 போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பிரிவை மட்டும் கேளுங்கள். ஐந்துக்கும் குறைவான பதில்கள் வந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்த்தே முடிவைக் காட்டுங்கள்.

கருத்துக்கணிப்புகள் நடத்தும் அமெரிக்காவின் கேலப் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஊழியர் கணிப்பிலேயே 12 கேள்விகள்தான். நாற்பது கேட்டால் பாதியிலேயே சலிப்புத் தட்டும். "சம்பளமும் சூழலும் திருப்தியா?" என இரண்டை ஒன்றாகக் கேட்டால், பதில் எதற்கென்றே தெரியாது.

இரண்டு வாரத்துக்குள் முடிவை ஊழியர்களிடம் காட்டி, ஷிப்ட் பட்டியல் தாமதம் போல ஒரே ஒரு குறையையாவது சரிசெய்யுங்கள். கிடப்பில் போடுவதாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சராசரியை நம்பாதீர்கள்: 3 என்பது பாதிப்பேர் 5, பாதிப்பேர் 1 போட்டதாகவும் இருக்கலாம்.